கையறிவுக்கு ஒரு படிக்கட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாறு என்று நாம் போற்றுவது பெரும்பாலும் ஏட்டுக் கல்வியின் வரலாறே. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவியதையும், அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானதையும் பெருமையோடு சொல்கிறோம். அது தக்கதே. ஆனால், அதே மண்ணில் மரத்தையும் இரும்பையும் கல்லையும் வசப்படுத்திய கைகளின் கல்விக்கு வரலாறு இல்லையா?

உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான றொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். கப்பலைக் கட்டியோரின் தேர்ச்சிக்குச் சமுத்திரமே சாட்சி கூறிற்று. ஆயினும், அத்தகைய கைத்திறனை அளந்து தரம் வழங்கும் தேசிய ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை.

ஏன்? அந்நிய ஆட்சிக்கு வேண்டியவர் எழுதுவினைஞர். ஆங்கிலம் கற்றவனுக்குக் கொழும்பிலும் மலாயாவிலும் கந்தோர்க் கதிரை கிடைத்தது. உழைக்கும் கையையோ சாதி தன் கயிற்றாற் கட்டி வைத்தது. தச்சன் மகன் தச்சனாயினான். அவன் அறிவு அறிவெனக் கொள்ளப்படாது, பிறப்போடு வந்த தொழிலென ஒதுக்கப்பட்டது. சாதியின் பேரால் மனிதரைப் பொது இடங்களில் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. தொழிலின் மீதுள்ள இளக்காரத்தை எந்தச் சட்டம் தண்டிக்கும்?

இப்பின்னணியிலேதான் தேசிய தொழிற்றகைமை மட்டங்களை நாம் நோக்கவேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தொழிற்கல்விக்கென ஓர் ஆணைக்குழுவை அமைக்க வழிசெய்தது. 2004ஆம் ஆண்டளவில் ஏழு மட்டங்கள் கொண்ட கட்டமைப்பு உருவாயிற்று. முதல் நான்கும் சான்றிதழ்கள். நான்காம் மட்டத்தை எட்டியவன் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழாவது பட்டத்துக்கு நிகர். அவ்வுச்சிப் படிக்கென 2008இல் ஒரு பல்கலைக்கழகத்துக்கே சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வேற்பாட்டின் உயிர்நாடி ஒன்றுண்டு. 'எத்தனை ஆண்டு படித்தாய்?' என்று அது கேட்பதில்லை. 'என்ன செய்ய வல்லாய்?' என்றே கேட்கிறது. வகுப்பறையை மிதியாமல், தகப்பனிடமோ வேலைத்தலத்திலோ தொழில் பழகிய மேசனும், மின்னிணைப்பாளனும், தையற்காரியும் தம் வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, முன்பெற்ற தேர்ச்சிக்கே தகைமை பெறலாம். நூற்றாண்டுக் காலம் பெயரின்றிக் கிடந்த அறிவுக்கு இது பெயரிடுகிறது.

ஆனால், படிக்கட்டு இருந்தாற் போதாது. ஏற விடுகின்ற சமூகமும் வேண்டும். பரீட்சையிற் தவறிய பிள்ளைக்கு மட்டுமே தொழிற்கல்வி என்று பாடசாலையும் பெற்றாரும் கருதும்வரை, ஏழு மட்டங்களும் ஏட்டுக் கல்விக்குக் கீழே தோண்டிய ஏழு பள்ளங்களாகவே எண்ணப்படும். சான்றிதழ் பெற்ற கைக்கு ஏற்ற கூலி கிடையாதெனின், அது சுவரில் தொங்கும் காகிதமாகவே முடியும்.

போரினால் இடிந்த வீடுகளை மீண்டும் எழுப்பியவை எழுதுகோல்கள் அல்ல, உழைத்த கைகளே. அக்கைகளுக்குரிய மதிப்பை யாழ்ப்பாணம் கொடுக்கக் கற்கும் நாளிலேதான், நாம் பெருமை பேசும் நம் கல்வி முழுமை பெறும்.