ரஞ்சி கோப்பைக்கு புதுச்சேரி வந்தது எப்படி? லோதா கமிட்டி செய்த மாற்றம் என்ன?

2018 வரை புதுச்சேரி பெயரில் ரஞ்சி அணியே கிடையாது. இங்குள்ள வீரர் ரஞ்சியில் ஆடணும்னா, வேறு மாநில அணியில்தான் இடம் பிடிக்கணும்.

என்ன சிக்கல்?
மகாராஷ்டிராவில் மட்டும் மும்பை, விதர்பா, மகாராஷ்டிரா என 3 அணிகள். குஜராத்திலும் 3. ஆனால் வடகிழக்கில் பல மாநிலங்களுக்கு ஒரு அணிகூட இல்லை.

மாற்றியது யார்?
2013 ஐபிஎல் சூதாட்ட வழக்கில், முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கமிட்டி அமைத்தது. நிர்வாகிகளுக்கு 70 வயது வரம்பு, அமைச்சர்களுக்குப் பதவி இல்லை, எல்லா மாநிலங்களுக்கும் இடம் என 2016-ல் கமிட்டி பரிந்துரைத்தது. பெரும்பாலானவற்றை நீதிமன்றம் ஏற்றது.

புதுச்சேரிக்கு என்ன கிடைத்தது?
2018-19 சீசனில் சிக்கிம், மேகாலயா உட்பட 9 அணிகள் சேர்க்கப்பட்டன. அதில் புதுச்சேரியும் ஒன்று. மொத்த அணிகள் 37 ஆனது. துத்திப்பட்டு மைதானத்தில் ரஞ்சி போட்டிகள் நடந்தன.

பிரச்னை தீர்ந்ததா?
முழுசா இல்லை. முதல் சீசன் தொடக்கத்திலேயே தகுதி விதி சர்ச்சை வெடித்து, வெளியூர் வீரர்கள் 8 பேரின் பதிவை பிசிசிஐ ரத்து செய்தது. டெல்லியில் வந்த சீர்திருத்தம் புதுச்சேரிக்கு அணியைக் கொடுத்தது. அதில் உள்ளூர் பசங்களுக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இங்குள்ள சங்க நிர்வாகம்தான்.