தாய் மீது விழுந்த பழி

1978-இல் கருணாபுரத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பெயர் வேண்டாம். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சைக்கிள் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு வரை யாரும் கேட்காமலே பிழையில்லாமல் ஒப்பிப்பான். பேச்சு வர வேண்டும் என்று அவன் அம்மா நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார், தாயத்து கட்டினார். ஒன்றும் ஆகாமல் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார்.

"நீங்க காட்டு வேலைக்குப் போயிடறீங்க, பிள்ளைகிட்ட பேச்சுக் கொடுக்கறதே இல்ல. அதாம்மா காரணம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஆட்டிசம் பற்றிப் படித்தபோதுதான் பெரிய மருத்துவர்களே இந்தத் தவறைச் செய்திருந்தது தெரிந்தது. (தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடிக்கவில்லை.) 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறவியிலேயே வருவது என்றுதான் அதில் சொன்னார். ஆனால் பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் சேர்த்து எழுதிவிட்டார். அந்தப் பொறி பெரிய தீயானது. 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று ஒரு பெயரே உண்டாயிற்று. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது.

இதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் பெர்னார்டு ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர்; தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்ததால் தேடித்தேடிப் படித்தவர். உடலியல் காரணம்தான் என்று 1964-இல் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் யார் தெரியுமா? கானரேதான்! 1969-இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்கள்மேல் குற்றமில்லை என்று கானர் வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்கு ஒன்பது வருடம் கழித்துத்தான் நான் அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னேன்.

1977-இல் லண்டனில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் உருவான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அப்போதே புலப்பட்டது. ஒரே ஒரு மரபணு அல்ல, பல சேர்ந்தது என்பது பிறகு தெரிந்தது. 1998-இல் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசி மேல் சந்தேகம் கிளப்பினார். அந்தக் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது, அவருடைய மருத்துவப் பதிவும் போயிற்று. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்து, தொடர்பில்லை என்று 2019-இல் உறுதியாகச் சொன்னார்கள். இன்னமும் தடுப்பூசியைக் குறை சொல்லும் செய்தி வாட்ஸ்அப்பில் எனக்கு வருகிறது.

ஆட்டிசத்தைப் போக்கும் மாத்திரை எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, படம் காட்டிச் சொல்லித் தருதல் இவைதான் பலன் தருபவை; சீக்கிரம் தொடங்கினால் நல்லது. ஸ்டெம் செல் செலுத்திக் குணப்படுத்துவதாக லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022-இல் சொல்லிவிட்டது.

நம் நாட்டின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது; 2016 சட்டத்தில்தான் தனி மாற்றுத்திறனாகச் சேர்ந்தது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் வீட்டில் வளர்ந்தான். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். மளிகைக் கடையில் மூட்டைகளை எண்ணி வைப்பான், கணக்கு தவறாது. அவன் அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.