உடன்படிக்கைகளின் நிழலில்

ஆயுதங்களை எண்ணிக் கட்டுப்படுத்தினால் யுத்தம் வராது என்பது இருபதாம் நூற்றாண்டு வளர்த்த நம்பிக்கைகளுள் ஒன்று. ஜேர்மனியில் அது பொய்த்தது. பின்னர் எங்கள் நெடுந்தீவுக் கடலிலும் பொய்த்தது.

1919 ஜூன் 28இல் கைச்சாத்தான வேர்சாய் உடன்படிக்கை, ஜேர்மன் இராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. போர் விமானங்கள், தாங்கிகள், நீர்மூழ்கிகள் யாவும் தடைசெய்யப்பட்டன. ஆனால் 1922இலேயே ஒல்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கம்பனியின் பெயரில் ஜேர்மனியர் நீர்மூழ்கிகளை வடிவமைக்கத் தொடங்கினர். 1925 முதல் 1933 வரை சோவியத் நாட்டின் லிபெற்ஸ்க் நகரில் ஜேர்மன் விமானிகள் இரகசியப் பயிற்சி பெற்றனர். நேச நாடுகளின் கண்காணிப்பு ஆணைக்குழுவோ 1927இல் வீடு திரும்பியது. ஆக, ஹிட்லர் பதவிக்கு வருமுன்பே அத்திவாரம் இடப்பட்டிருந்தது. 1935 மார்ச் 16இல் அவர் கட்டாய இராணுவ சேவையைப் பகிரங்கமாக அறிவித்தார். மூன்று மாதம் கழிந்ததும், தனது கடற்படையின் 35 வீத அளவுக்கு ஜேர்மனி கப்பல் கட்டலாமெனப் பிரித்தானியா ஒப்பந்தமே செய்துகொண்டது.

இலங்கையில் 2002 பெப்ரவரி 22இல், நோர்வேயின் அனுசரணையுடன், அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. மறு ஆண்டு பெப்ரவரியில் நெடுந்தீவுக்கு அப்பால் கடற்படை ஓர் இழுவைப்படகை மறித்தது. கண்காணிப்புக் குழுவினர் ஏறிச் சோதித்தபோது ஆயுதம் அகப்பட்டது. படகிலிருந்த புலி உறுப்பினர் மூவரும் அதைத் தகர்த்துத் தாமும் மாண்டனர். கண்காணிப்பாளர்கள் கடலில் குதித்துத் தப்பினர். அரசும் தன் படைகளை மீளத் தயார்ப்படுத்தியது. 2006 மே 13 இரவு, அல்லைப்பிட்டி உட்பட வேலணைத் தீவின் மூன்று இடங்களில் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர். 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே வரை நடந்தவை யாவரும் அறிந்தவை.

இவ்வரலாறுகள் அளவிலும் தன்மையிலும் வேறுபட்டவை. எனினும் ஒரு படிப்பினை பொதுவானது. ஜேர்மனி படை திரட்டிய அதே 1935இல், மே மாதத்து இராணுவச் சட்டம் யூதரைப் படைச்சேவையிலிருந்து விலக்கியது. செப்டெம்பரில் நியூரம்பேர்க் சட்டங்கள் அவர்களது பிரஜாவுரிமையைப் பறித்தன. அதை உள்நாட்டு விவகாரமென்று உலகம் ஒதுக்கியது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபர் 30இல் சில மணிநேர அவகாசத்துடன் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் சமாதானம் பேசப்பட்டபோதும் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு கிடைக்கவில்லை. ரவூப் ஹக்கீம் அரச குழுவின் அங்கத்தவராகவே அமர்ந்தார்.

உக்ரேன் யுத்தத்தின் பின், 2022இல் ஜேர்மனி 10,000 கோடி யூரோவைப் படைக்கென ஒதுக்கியது. இம்முறை அது நாடாளுமன்றத்தில் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது. அந்த வேறுபாடு சிறிதன்று. ஆயினும் எந்த நாடு ஆயுதம் சேர்த்தாலும், துப்பாக்கிகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. அங்கே எந்தச் சமூகம் வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த யுத்தத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.