நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை

நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை என்பது, பிரிட்டிஷ் சர்க்காரின் நிரந்தர உத்தியோகங்கள் செல்வாக்கினாலன்றித் தகுதியினாலேயே வழங்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தி, ஸர் சார்லஸ் டிரெவெலியன், ஸர் ஸ்டாஃபோர்டு நார்த்கோட் ஆகிய இருவரும் 1853 நவம்பரில் கையெழுத்திட்டு, மறு ஆண்டு பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட ஆவணமாகும். டிரெவெலியன் 1840 முதல் கஜானா இலாகாவின் தலைமை நிரந்தர உத்தியோகஸ்தராக இருந்தவர். நார்த்கோட் அப்போதைய நிதி மந்திரி கிளாட்ஸ்டனிடம் முன்னர் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்தவர். ஏறக்குறைய இருபது பக்கமே கொண்ட இவ்வறிக்கை, தன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரும் புயலை எழுப்பிற்று.

அதற்கு முன்னிருந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அப்புயலின் காரணம் விளங்கும். உத்தியோகங்களைப் பங்கிடும் அதிகாரம் பெரும்பாலும் கஜானா இலாகாவின் ஒரு காரியதரிசியின் கையில் இருந்தது. அவரே ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடாவுமாவார். ஆதரவளித்த அங்கத்தினர் ஒருவர் தம் தொகுதிப் பிரமுகரின் மகனுக்கோ மருமகனுக்கோ ஓர் இடம் கேட்பார், இடமும் கிடைக்கும். இவ்வாறு நுழைந்தவரிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதி எத்தன்மையது என்பதற்கு, 1834இல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் தம் சுயசரிதையில் கூறும் நிகழ்ச்சியே போதுமான சான்று. பழைய இறகுப் பேனா ஒன்றைக் கொடுத்து, டைம்ஸ் பத்திரிகையிலிருந்து சில வரிகளைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். அவர் மை சிந்தி, எழுத்துப் பிழைகளும் மலிய ஒரு தாளை நீட்டினார். மறுநாள் வீட்டிலிருந்து அழகாக எழுதிக்கொண்டு வரப் பணித்தார்கள். அவரும் சிரமப்பட்டு எழுதி வந்தார். அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, வேலை மட்டும் உறுதியாயிற்று. இப்படி உள்ளே வந்த டிராலப் பின்னர் தபால் இலாகாவின் திறமை மிக்க உத்தியோகஸ்தர்களுள் ஒருவராக விளங்கியதும், போட்டிப் பரீட்சையை இறுதிவரை எதிர்த்ததும், 1857இல் வெளியிட்ட ‘மூன்று குமாஸ்தாக்கள்’ என்ற நாவலில் டிரெவெலியனையே கேலிப் பாத்திரமாக்கியதும் சீர்திருத்தவாதிகளுக்குச் சங்கடமளித்த உண்மைகள்.

அறிக்கையின் சிபாரிசுகளில் தலையாயது, சுதந்திரமான ஒரு மத்தியக் குழு நடத்தும் எழுத்துப் பரீட்சையில் எவரும் போட்டியிடலாம் என்பது. சிந்தனை வேண்டும் மேல்நிலைப் பணிகளையும் நகலெடுத்தல் போன்ற யாந்திரிகப் பணிகளையும் வேறு பிரிக்க வேண்டும் என்றும், பதவி உயர்வு சேவைக் காலத்தால் மட்டுமன்றித் திறமையாலும் அமைய வேண்டும் என்றும் அது கூறிற்று. இம்முறை புதிதன்று; பரீட்சையினால் உத்தியோகஸ்தரைத் தேர்வது சீன தேசத்தில் பன்னூறாண்டு வழக்கமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகங்களுக்கும் 1853ஆம் ஆண்டுச் சட்டம் போட்டியை விதித்தது; அதன் விவரங்களை வகுக்கும் பொறுப்பு டிரெவெலியனின் மைத்துனரான மெக்காலேயின் தலைமையிலமைந்த குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்படுபவருக்கு வகுத்த விதியைத் தன் சொந்த இலாகாக்களுக்கு ஏற்க லண்டன் மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தயங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது.

அத்தயக்கத்தைச் சற்றே அசைத்தது வாதமன்று, யுத்தம். கிரிமியாவில் உணவும் உடையும் மருந்தும் உரிய காலத்தில் போய்ச் சேராமல் சிப்பாய்கள் மடிந்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, ஆள்வோர் கெட்டவர்கள் என்பதைவிட ஆளத் தெரியாதவர்கள் என்ற எண்ணமே மக்களிடையே பரவிற்று. 1855 ஜனவரியில் ஆபர்டீன் மந்திரிசபை கவிழ்ந்தது. எந்தக் காரியத்தையும் எப்படிச் செய்யாமலிருப்பது என்பதையே கலையாகக் கொண்ட ஒரு கற்பனை இலாகாவை டிக்கன்ஸ் ‘லிட்டில் டாரிட்’ நாவலில் படைத்ததும் அந்நாட்களில்தான். 1855 மே 21ஆம் தேதி ஆணையால் சிவில் சர்வீஸ் கமிஷன் பிறந்தது. ஆயினும் பரீட்சைக்கு அனுப்பப்படுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பழைய கைகளிலேயே இருந்தது. கொறடா தமக்கு வேண்டியவரோடு தேற வழியேயில்லாத இருவரையும் சேர்த்தனுப்பிப் போட்டி நடந்ததாகக் கணக்குக் காட்டினார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. உண்மையில் பல்லுள்ள ஏற்பாடாக அமைந்தது 1859ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டமே: கமிஷனின் சான்றிதழ் இன்றி அதன்பின் நுழைந்தவருக்குப் பென்ஷன் இல்லை என்று அது விதித்தது.

அதே ஆண்டில் டிரெவெலியன் சென்னை மாகாணக் கவர்னராக வந்தார். ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் அவர் திட்டமிட்டதே. ஆனால் வருமான வரி முதலியவற்றை விதிக்கக் கல்கத்தாவில் இந்திய சர்க்காரின் நிதி அங்கத்தினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த யோசனைகளை அவர் கடுமையாக எதிர்த்ததோடு, தம் எதிர்ப்புக் குறிப்புகள் பத்திரிகைகளில் வெளிவரவும் செய்தார்; 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். மந்திரிகளுக்கு அடங்கிய, ஆயினும் சுதந்திரமாக யோசனை கூறும் நிரந்தர உத்தியோகஸ்தரை இலட்சியமாக எழுதியவர், அச்சுதந்திரம் எங்கே முடிகிறது என்பதைத் தம் பதவியைக் கொடுத்துக் கற்றார்.

1870 ஜூன் 4இல், கிளாட்ஸ்டன் பிரதமராகவும் ராபர்ட் லோ நிதி மந்திரியாகவும் இருந்தபோது, திறந்த போட்டி பெரும்பாலான இலாகாக்களுக்கு விதியாயிற்று. வெளிநாட்டு இலாகா விலகி நின்றது. இதனால் உத்தியோகம் ஏழைகளின் கைக்குப் போய்விடவில்லை. பரீட்சைப் பாடங்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவருக்கே இசைந்தவை; இச்சீர்திருத்தம் மேல்வகுப்பாரின் ஆட்சிப் பிடியை உறுதிப்படுத்தும் என்று கிளாட்ஸ்டனே 1854இல் கடிதமொன்றில் எழுதியிருந்தார். விவாகமான பெண்களுக்கு உள்நாட்டு சர்வீஸில் இருந்த தடை 1946இல்தான் நீங்கிற்று. ஆயினும் பொதுஜன நம்பிக்கைக்கு இம்முறையில் ஆதாரம் ஒன்று இருந்தது: தேறியவர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர் என்பதும், மந்திரிசபை மாறினாலும் குமாஸ்தா மாறமாட்டார் என்பதும் வெளியாரும் கண்டறியத்தக்க உண்மைகளாயின. உத்தியோகஸ்தர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைக் குடிமகன் அறிய வழியில்லை. அவர் எவ்வழியே வந்தார் என்பதை அறியலாம்.

அவ்வழியே வந்தவர்களிடம் துறை அறிவு போதவில்லை என்று 1968இல் ஃபுல்ட்டன் குழு கண்டித்தது. நேர்மை, நாணயம், புறவய நோக்கு, பாரபட்சமின்மை என்னும் பண்புகளும் தகுதி வழி நியமனமும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பார்லிமெண்டின் விதிகளாயின. அதுவரை அவை ஆணைகளையும் சம்பிரதாயத்தையும் நம்பியே நடந்துவந்தன. அதே சட்டம், மந்திரிகள் தாமே தேர்ந்துகொள்ளும் விசேஷ ஆலோசகர்களுக்குப் போட்டியிலிருந்து விலக்களிக்கிறது.