ஆறு கார்களும் ஐந்து புள்ளிகளும்



எங்கள் தரம் 10 மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பந்தயக் கார் ஒன்றின் படம் இருந்தது. "சேர், எங்கட ஆக்கள் யாரும் இதுல ஓடியிருக்காங்களா?" என்று கேட்டான். அன்று நாம் கணக்கைச் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அவனுக்குரிய பதிலை இன்று எழுதுகிறோம்.

ஓடியிருக்கிறார். எங்கள் மொழி பேசும் கோயம்புத்தூர்க்காரர், நரேன் கார்த்திகேயன். 1977 இல் பிறந்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயனும் ரலி பந்தய வீரர். ஆனாலும் தந்தையின் பெயர் மட்டும் மகனுக்குப் போதவில்லை. 1992 இல் பிரான்ஸுக்குப் போய்ப் பந்தயப் பாடசாலையில் பயின்றார். ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில் சிறிய கார்களில் தொடங்கி, 1996 இல் போர்முலா ஆசியா சம்பியனானார். பிறகு பல வருடங்கள் பிரிட்டனில் போர்முலா 3 போட்டிகளில் ஓடினார். 2005 இல் ஜோர்டான் அணிக்காக மெல்பேர்னில் களமிறங்கியபோது, போர்முலா 1 பந்தயம் ஓடிய முதல் இந்தியரானார். பயிற்சி தொடங்கிப் பதின்மூன்று வருடங்கள் கழிந்திருந்தன.

அதே வருடம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ். 20 கார்கள் புறப்பட்டன. பந்தயம் தொடங்குமுன் 14 கார்கள் திரும்பிவிட்டன. அங்குள்ள சாய்வான, வேகமான வளைவை அவற்றின் மிஷெலின் டயர்கள் தாங்குமா என்ற சந்தேகமே காரணம். மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். போர்முலா 1 இல் புள்ளி பெற்ற ஒரே இந்தியர் அவர்தான். 2010 இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

"ஆறு பேரில் நான்காவதா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த ஆறு பேரில் ஒருவராக நிற்கவே பதின்மூன்று வருடம் உழைக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது திரும்பிப்போன அந்த 14 கார்கள்தான். உலகின் மிகச் சிறந்த சாரதிகள் பலர் அவற்றில் இருந்தார்கள். இலட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும், டயரில் நம்பிக்கை இல்லை என்றதும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று யார் சொல்வார்?

எங்கள் பிள்ளைகளோ நோன்பு கால இரவுகளில், தேய்ந்த டயரோடு, ஹெல்மட் இல்லாமல், ஒரே சைக்கிளில் மூன்று பேராக ஏ9 வீதியில் பறக்கிறார்கள். லொறியும் பஸ்ஸும் வரும் வீதி அது. அந்த வேகத்துக்குப் பயிற்சியும் இல்லை, விதியும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை.

பெற்றோரே, பிள்ளைக்கு வேகத்தில் ஆசை வருவது குற்றமல்ல. சாவியைக் கொடுக்குமுன் லைசன்ஸைக் கேளுங்கள், டயரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அந்த மாணவனின் படத்தை நாம் கிழிக்கவில்லை. நாளை அவனை அழைத்து நரேனின் கதையைச் சொல்லப் போகிறோம். டயரின் கதையையும் சேர்த்து.