கதவில்லாத வண்டியின் பூட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் கண்ணில் படாத நாள் கிடையாது. கூடலூர், கம்பம், போடி என்று ஊர் ஊராக இருட்டோடு கிளம்பி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மலைக்கு ஏறுகிறது, சாயங்காலம் இறங்குகிறது. மேலே படுதா, பக்கவாட்டில் வெறும் காற்று. ராத்திரி தெருவோரம் நிற்கும் அந்த வண்டியை ஓட்டுநர் எதை நம்பி விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்? கதவே இல்லாத வண்டியை எங்கே பூட்டுவது? இதற்கு விடை கண்டுபிடிக்க உலகம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. சிறைக்கப்பலில் கிடந்த ஒரு கைதி, பிரான்சுக்குள் புகுந்த ஜெர்மானியப் படை, கொரியாவுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய் என்று பலருக்கும் அதில் பங்கு உண்டு.

பூட்டு மிகப் பழைய பொருள். எகிப்திலும் அசீரியாவிலும் மரத்தாழ்ப்பாளுக்குள் சிறு முளைகள் விழுந்து பிடித்துக்கொள்ளும் பூட்டுகள் இருந்தன. பல் வைத்த மரச்சாவியால் முளைகளைத் தூக்கினால் தாழ் நகரும். ஆனால் அந்தப் பூட்டுக்குக் கதவு வேண்டும், கதவுக்கு நிலை வேண்டும், நிலைக்குச் சுவர் வேண்டும். பல நூற்றாண்டுகளாகப் பூட்டுக்காரர்களின் அறிவெல்லாம் இந்தக் கதவைச் சுற்றியே வளர்ந்தது.

அதில் ஒரு திருப்பம் 1817-இல் வந்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். சொந்தச் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு செய்பவருக்குப் பரிசு என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். கம்பியையோ தப்பான சாவியையோ விட்டு யாராவது நெம்பினால் உள்ளே ஒரு நெம்புகோல் மாட்டி இறுகிக்கொள்ளும். உரிமையாளர் வந்து தன் சாவியைப் போட்டதும் பூட்டு உடனே திறக்காது. அதிலிருந்தே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சிறைக்கப்பலில் இருந்த பூட்டுத் தொழிலாளியான ஒரு கைதியிடம் இதைத் திறந்தால் விடுதலை என்று சொல்லிப் பூட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் முயன்றும் அவரால் முடியவில்லை. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ் ஒரு சப் பூட்டைச் சாட்சிகள் பார்த்திருக்க அரை மணிக்குள் திறந்துவிட்டார். ஆனாலும் சப் விட்டுச்சென்ற எண்ணம் பெரியது. திருடனைத் தடுப்பது ஒரு வேலை, திருடன் தொட்டதைக் காட்டிக்கொடுப்பது இன்னொரு வேலை. பழைய வண்டிகளின் கதையில் இந்த இரண்டாவது வேலை கடைசியில் பெரிதாக வரும்.

பூட்டு என்று பேசும்போது தேனியிலிருந்து 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டுக்கல்லைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் குறைந்த அந்த ஊரில் கையால் அடித்து, அரம் போட்டு, நெம்புதகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் செய்த மாங்காய்ப் பூட்டும் சதுரப் பூட்டும் தென்னாடெங்கும் போயின. பிறகு வடக்கே அலிகாரிலிருந்து இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டுகள் வந்து சந்தையை நிரப்பின. அலிகாருக்கே அந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலக் கம்பெனி கொண்டுவந்த பூட்டுகளைப் பார்த்து வந்ததுதான். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பல பட்டறைகள் மூடிவிட்டன.

வண்டிக்கு வருவோம். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த பிறந்தகத்துக்குப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது! அந்த வண்டிக்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது, சாவியும் கிடையாது.

அன்றைய வண்டிகளைக் கொஞ்ச காலம் காத்தது அவற்றைக் கிளப்புவதில் இருந்த சிரமம்தான். முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு முறியும். அந்த வித்தை தெரிந்தவர் குறைவு. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளரின் மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்களில் வந்ததும் அந்தச் சிரமம் போயிற்று, கூடவே அந்தக் காவலும் போயிற்று. 1919-இல் அமெரிக்க நாடாளுமன்றம் திருட்டுக் காரை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆனால் அதே கெட்டரிங்கின் கையில் இன்னொரு பொருளும் உருவானது. பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, காயிலில் அதன் அழுத்தத்தை ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறி அனுப்பும் அமைப்பு அது. அவருடைய டெல்கோ கம்பெனி அதைப் பரப்பியது. தீப்பொறியைப் பங்கிடும் அந்தக் குடுவையை நம்மூர் மெக்கானிக்குகள் இன்றும் டெல்கோ என்றே சொல்கிறார்கள். மூடியைக் கழற்றினால் நடுத்தண்டின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சின்னக் கை உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ரோட்டார். நடுவில் வரும் மின்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நான்கு முனைகளுக்கும் கொடுப்பது அதன் வேலை. அதை உருவி எடுத்துவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், பெட்ரோல் வரும், எஞ்சின் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. அடிக்காமல் உடைக்காமல் ஒரு வண்டியை முடக்க இதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் இல்லை.

இந்த வித்தையை ஒரு நாடு முழுக்கக் கற்றுக்கொள்ள வைத்தது போர். 1940-இல் பிரான்சைப் பிடித்த ஜெர்மானியப் படை வழியிலிருந்த பங்க்குகளிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு முன்னேறியது. அடுத்தது நாம்தான் என்று பதறிய பிரிட்டன் ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பிடுங்கி எறிந்தது. ஆளில்லாமல் நிற்கும் எந்தக் காரும் ஓட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தவறினால் அபராதம். எம்.ஜி. போன்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவரும் டாக்டரும் பாதிரியாரும் ராத்திரியில் ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். படையெடுப்பு வரவில்லை. ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது. துணிக்கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இன்றும் கதவைப் பூட்டாமல் விட்டு, உள்ளே எதுவும் வைக்காமல், ரோட்டாரை மட்டும் எடுத்துப்போவது உண்டு. கதவைப் பூட்டினால் திருடன் கூரையைக் கத்தியால் கிழிப்பான். கூரைக்கு ஆகும் செலவு உள்ளே இருந்த பொருளைவிட அதிகம்.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஜீப் பிறந்தது, நகலெடுப்பு நடுவே பிறந்தது. முதல் மாதிரியைச் செய்தது பான்டம் என்ற சின்னக் கம்பெனி. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. பெரிய ஆர்டர்கள் அவர்களுக்கே போயின. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்தார்கள். ஃபோர்டு கம்பெனி தன் உதிரிபாகம் எதுவென்று தெரிய வேண்டும் என்று போல்ட்டு தலையில்கூடத் தன் முதலெழுத்தைப் பொறித்தது. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பழைய ஜீப்பின் அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடுவது அந்த எழுத்தைத்தான். ஒரு ஃபோர்டு ஜீப்பில் அது குறைந்துபோயிருந்தால் யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். திருட்டுக்காகச் செய்யாத அந்த முத்திரை, சப் பூட்டு செய்த வேலையைச் செய்கிறது.

போர்க்கால ஜீப்புக்குத் தொடக்கத்தில் சாவி இருந்தது. ஆனால் ஒரே சாவி எல்லா ராணுவ வண்டிக்கும் பொருந்தும். பிறகு அதுவும் வேண்டாம் என்று வெறும் சுவிட்ச் வைத்தார்கள். சண்டைக்கு நடுவே யார் சாவி தேடுவது? விளைவு, சிப்பாய்கள் ஒருவர் ஜீப்பை ஒருவர் கிளப்பிக்கொண்டு போனார்கள். ரோட்டாரைக் கழற்றினாலும் பயனில்லாமல் போயிற்று. எல்லா ஜீப்புக்கும் ஒரே ரோட்டார் என்பதால், பையில் ஒன்று வைத்திருப்பவனுக்கு எல்லா வண்டியும் தன் வண்டிதான். அப்போது வந்தது சங்கிலி. ஸ்டீயரிங் வளையத்தில் சுற்றி, கீழே இரும்பில் மாட்டி, ஒரு தொங்குபூட்டு போடுவது. கதவுக்கென்று பிறந்த பூட்டு கடைசியில் கதவில்லாத வண்டிக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கொரியப் போரில் அப்படி ஜீப்புக்குச் சங்கிலி போட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வின்னர். பல ஆண்டு கழித்துப் பென்சில்வேனியாவில் அவருடைய காடிலாக் திருடுபோனபோது அந்தச் சங்கிலி நினைவுக்கு வந்தது. 1986-இல் ஸ்டீயரிங் வளையத்துக்குக் குறுக்கே மாட்டும் இரும்புத்தடியை 'தி க்ளப்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அது முதலில் தன் யோசனை என்று ஒரு மெக்கானிக் வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது, அதற்குள் நகல்கள் உலகச் சந்தையை நிறைத்துவிட்டன. நம்மூர் உதிரிபாகக் கடைகளில் தொங்கும் மஞ்சள், சிவப்பு ஸ்டீயரிங் தடிகள் அந்த வழி வந்தவை.

இந்தியாவுக்கு ஜீப் வந்தது இதற்கெல்லாம் முன்பே. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் பொருத்தியது. பிறகு இங்கேயே செய்தது. காட்டிலாகாவும் வருவாய்த்துறையும் தோட்டக்காரர்களும் வாங்கிய அந்தப் பெட்ரோல் ஜீப்புகளுக்கு டெல்கோ உண்டு, ரோட்டார் வித்தையும் செல்லும். 1970களின் நடுவில் டீசல் எஞ்சின் வந்ததும் கணக்கு மாறியது. டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை. கழற்ற ரோட்டாரும் இல்லை. பழைய டீசல் எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு குமிழை இழுத்தால் போதும். ஓடத் தொடங்கியபின் அதற்குப் பேட்டரிகூட வேண்டாம். சரிவில் உருட்டிவிட்டு கியர் போட்டால் கிளம்பிவிடும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை பாதை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அபாயம் புரியும். மலையடிவாரத்தில் டீசல் ஜீப்பைச் சரிவில் நிறுத்துவது சாவியை வண்டியிலேயே விட்டுப்போவதற்குச் சமம். அதனால்தான் அந்த வண்டிகளில் கியர் தண்டோடு சேர்த்துப் போடும் பூட்டும், டீசல் குழாயில் மறைவாக வைக்கும் அடைப்பானும் வேலை செய்கின்றன. வண்டி உருண்டாலும் எஞ்சினுக்கு டீசல் போகாது.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படும் இடம் ஐரோப்பாவில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி, புதிய காரோ பழைய காரோ எல்லாவற்றுக்கும் ஸ்டீயரிங் பூட்டு கட்டாயம் என்றது. கார்த் திருட்டு பெருமளவு குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, புதிய கார்கள் தப்பியிருந்தன. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களைத் தேடிப் போயிருந்தார்கள். ஒரு தெருவில் மற்ற எல்லா வண்டியிலும் எஞ்சினைக் கிளம்பவிடாத மின்னணு இம்மொபிலைசர் வந்துவிட்டால் மிஞ்சும் சுலபமான வண்டி, தாத்தா காலத்துத் திறந்த ஜீப்தான். காவலில்லாமல் நிற்பது அது, விலை ஏறிக்கொண்டிருப்பதும் அது.

விலை ஏறும்போது திருட்டின் வடிவமும் மாறும். முழு வண்டி கிடைக்காவிட்டால் கார்புரேட்டர், மீட்டர்ப் பலகை, முன்விளக்கு என்று கழற்றுவார்கள். முழு வண்டி கிடைத்தால் சேசிஸ் எண்ணை அரைத்துவிட்டு வேறு எண் அடிப்பார்கள். 2021-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசையை ஏற்படுத்தியது. சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்த எண் கிடையாது. ஆகவே பழைய ஜீப் வைத்திருப்பவர் எண் பொறித்த இடத்தையும் எஞ்சின் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்து, பழைய பதிவுப் புத்தகத்தோடு வீட்டில் வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த இடத்தில் பெயின்ட் புதிதாக இருந்தால், அரம் ஓடிய கோடு தெரிந்தால், பணத்தை எடுக்கவே கூடாது.

பெட்ரோல் ஜீப்பாக இருந்தால், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் மறைவுச் சுவிட்ச் ஒன்று, ஸ்டீயரிங்கிலிருந்து க்ளட்ச் மிதிக்கு ஒரு சங்கிலி, நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று, ரோட்டார் சட்டைப்பையில். ஒன்றைத் தெரிந்த திருடனுக்கு மற்றது தெரியாமல் இருக்கும். நேரம் போகப்போக அவன் கைவிடுவான். ஒரே எச்சரிக்கை: ரோட்டாரை எடுத்தபின் டெல்கோ மூடியை இரண்டு பக்கக் கிளிப்பும் விழும்படி அழுத்தி மூட வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்கு மலையைத் தாண்டிக் கம்பம், கூடலூர்ப் பக்கம் வரும் சாரலில் மூடிக்குள் ஈரம் இறங்கினால், மறுநாள் காலை சொந்த ரோட்டாரைப் போட்டாலும் வண்டி கிளம்பாது. காய்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.