காகமும் கூலியும்: பறவைப் பயிற்சியின் சமூகப் பின்னணி

காகம் போன்ற அறிவுத்திறன் மிக்க பறவைகளை, அவை கட்டற்றுத் திரியும் நிலையிலேயே இரைகொடுத்துப் பழக்கலாமா என்னும் வினா உயிரியலாளருக்கு மட்டும் உரியதன்று. பழக்குபவர் யார், எத்தேவைக்காகப் பழக்குகின்றனர் என்பவற்றையும் நாம் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இரையை வெகுமதியாக வழங்கி நடத்தையைப் படிப்படியாக உருவாக்கலாம் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுகூடத்தில் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுகளை இலக்கை நோக்கிச் செலுத்துவதற்குப் புறாக்களை அவர் பழக்கினார். 1944 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆய்வுகூடப் புறா, பசியோடு கூண்டில் வைக்கப்பட்ட பறவை என்பதை நாம் மறத்தலாகாது. வேறு பிழைப்பு இல்லாத இடத்திலேயே வெகுமதியின் வலிமை முழுமை பெறுகின்றது.

தெருக் காகத்துக்கோ வேறிடத்திலும் இரையுண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதற்குச் சோறு வைப்போர், அது வேளையறிந்து வருவதைக் கண்டிருப்பர். ஆயின் வருவது வேறு. இட்ட வேலையைச் செய்வது வேறு. நாணயத்தை இட்டால் நிலக்கடலை தரும் பெட்டியொன்றை ஜோஷ் கிளைன் என்னும் அமெரிக்கர் அமைத்தார். காகங்கள் அதனைக் கற்றுக்கொண்டதாக நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை 2008 இல் எழுதியது. 2009 இல் அச்செய்தியைத் திருத்த நேர்ந்தது. 2018 இல் பிரான்சின் புய் டு ஃபூ பூங்காவில் காக இனப் பறவைகள் ஆறு, சிகரட் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியிலிட்டு இரைபெற்றன. ஆனால் அவை பயிற்றுநரிடம் வளர்ந்தவை.

2022 இல் சுவீடனின் சோடர்தெல்யே நகரில், கட்டற்ற காகங்களையே இவ்வேலையில் ஈடுபடுத்தும் முன்னோடித் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. வீதித் துப்புரவுக்கு அந்நகரம் அப்போது ஆண்டுக்கு 2 கோடி குரோனர் செலவிட்டது. சிகரட் துண்டுகளைப் பொறுக்கும் செலவில் முக்காற்பங்கேனும் மிச்சமாகும் என்பது திட்டத்தை முன்வைத்த நிறுவனத்தின் கணிப்பு.

பிரச்சினையின் மையம் இதுவே. நகரசபையின் கணக்கில் மிச்சமெனத் தோன்றுவது, துப்புரவுத் தொழிலாளியின் கணக்கில் இழந்த கூலியாகும். காகத்துக்கு வீட்டு வாடகையில்லை, தொழிற்சங்கமும் இல்லை. நச்சுத் துண்டை அலகால் தூக்கும் பறவையின் உடல்நலமும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அத்துண்டுகளைப் பெருக்கி இலாபமீட்டும் புகையிலை முதலாளிகளும் கேள்விக்குள்ளாவதில்லை.

ஆகவே, காகத்தைப் பழக்கலாம். ஆனால் தனக்கு ஒவ்வாதபோது அது பறந்துவிடும். அவ்வாறு பறந்துவிட முடியாத தொழிலாளியின் நிலையிலிருந்தே இத்திட்டங்களை நாம் மதிப்பிட வேண்டியுள்ளது.